சல்லடையில் நின்ற பிண்ணாக்கு

தலவாக்கலை ரயில் நிலையத்துக்குப் பின்னால், சரக்கு இறக்கும் கொட்டகையை ஒட்டினாற்போல ஒரு தகரக் கூரைக் கட்டடம் இருந்தது. வாசலில் 'மலைநாட்டுப் பாற்பண்ணைச் சங்கம், மாட்டுத்தீவனப் பரிசோதனைச்சாலை' என்று மூன்று மொழிகளில் பலகை மாட்டியிருந்தார்கள். மூன்றிலும் ஆளுக்கொரு எழுத்துப்பிழை. உள்ளே இரண்டே அறைகள். முன்னறை டொக்டர் விசுவலிங்கத்துடையது. பின்னறை செபமாலையுடையது.

டொக்டர் என்றால் ஊசி போடுகிற டொக்டர் இல்லை. லண்டனில் இரசாயனம் படித்துப் பட்டம் வாங்கிய யாழ்ப்பாணத்துக்காரர். அவர் அறையில் குடுவைகளும் குழாய்களும், கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்த ஒரு தராசும் இருந்தன. அவர் நிறுக்கும்போது பக்கத்தில் நின்று யாரும் மூச்சுவிடக் கூடாது. சங்கத்தின் தலைவர் கிரெய்க் துரை ஒருநாள் பார்வையிட வந்தபோது, அவரையே மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கச் சொன்னவர். துரை முகம் சிவந்து நின்றதை செபமாலை கதவிடுக்கு வழியே பார்த்து, ஒரு வாரம் அதை நினைத்து நினைத்துச் சிரித்தான்.

பின்னறையில் ஒரு கைமெசின், ஒரு பித்தளைச் சல்லடை, ஒரு மேசை, ஒரு ஜன்னல். தோட்டங்களிலிருந்து வரும் தீவனப் பையைப் பிரித்து மேசையில் குவித்து, தட்டையாக்கி, நாலாகக் கீறி, எதிரெதிரே இரண்டு பங்கைத் தள்ளிவிட்டு, மிச்சத்தை மறுபடி குவித்து மறுபடி கீறி, கடைசியில் மிஞ்சும் இரண்டு கைப்பிடியை மெசினில் அரைத்து, சல்லடையில் சலித்து, ஒரு சின்னப் போத்தலில் போட்டு டொக்டரிடம் கொடுப்பது அவன் வேலை. ஒரு சாக்குத் தீவனம் ஒரு போத்தலுக்குள் சுருங்குகிற வரைக்கும் செபமாலை ராச்சியம். போத்தலுக்கு அப்பால் விஞ்ஞானம். டொக்டர் அதை அமிலத்தில் கொதிக்கவைத்து, வடித்து, கணக்குப் போட்டு, 'புரதம் 16.37 வீதம்' என்று எழுதிக் கையெழுத்து வைப்பார். புள்ளிக்குப் பின்னால் இரண்டு இலக்கம் இல்லாமல் ஒரு பத்திரமும் அந்தக் கட்டடத்தை விட்டு வெளியே போனதில்லை.

வேலைக்குச் சேர்ந்த முதல்நாள் டொக்டர் அவனிடம், சல்லடையில் தங்குவதைத் திரும்ப அரைத்துத் திரும்பச் சலிக்க வேண்டும், ஒரு பொட்டும் மிஞ்சக்கூடாது என்று சொல்லியிருந்தார். சொல்லிவிட்டுத் தும்மினார். தீவனத் தூசு அவருக்கு ஆகாது. அதற்குப் பிறகு மூன்று வருடமாக அவர் பின்னறைப் பக்கம் தலைகாட்டவில்லை.

செபமாலையும் முதல் மாதம் சொன்னபடிதான் செய்தான். ஆனால் அந்த மெசின் தேங்காய்ப் பிண்ணாக்கைக் கண்டால் மிரளும். கடைகளிலிருந்து வரும் தீவனம் மாவாகவே வந்துவிடும், தொல்லையில்லை. தோட்டங்களில் அவர்களே கலக்குகிற தீவனத்தில்தான் பிண்ணாக்குக் கட்டி கட்டியாகக் கிடக்கும். மழைக்காலத்தில் ஈரம் ஏறி, பிசின் மாதிரிப் பல்சக்கரத்தில் ஒட்டிக்கொள்ளும். தோள்பட்டை கழன்று விழுகிற மாதிரி வலிக்கும். வீட்டில் அவன் பெண்சாதி பவுலின் மாவு சலிக்கும்போது பார்த்திருக்கிறான். கீழே விழுவது மாவு, மேலே நிற்பது கப்பி. கப்பியைக் கொட்டிவிடுவாள். அதுபோல இதுவும் என்று அவன் மனம் மெல்ல மெல்ல ஒப்புக்கொண்டுவிட்டது. ஜன்னலுக்கு வெளியே ஸ்டேஷன் மாஸ்டரின் கோழிகள் மேய்ந்தன. சல்லடையில் நிற்பதை ஒரு கை அள்ளி வெளியே வீசினான். கோழிகள் பறந்து வந்தன. மூன்றாவது வாரம் ஸ்டேஷன் மாஸ்டரின் மனைவி, "ஒங்க கைராசி, கோழியெல்லாம் பொழுது தவறாம முட்டை விடுது" என்று சொல்லி ஆறு முட்டை கொடுத்தனுப்பினாள். அப்புறம் அது வெள்ளிக்கிழமைதோறும் வழக்கமாகிவிட்டது.

ஐம்பத்தொன்பதாம் வருடம் ஆனி மாதம். மழை விட்டபாடில்லை. நோட்டன் பிரிட்ஜுக்கு மேலே உள்ள ஊசிப்பாறைத் தோட்டத்திலிருந்து ஒரு பை வந்தது. அது கிரெய்க் துரையின் சொந்தத் தோட்டம் மாதிரி. பங்களாவுக்குப் பக்கத்தில் சீமைப் பசுக்கள் எட்டு வைத்திருந்தார். பால் குறைந்துவிட்டது, தீவனத்தில் ஏதோ கோளாறு என்று கடிதமும் வந்தது. பாதி பிண்ணாக்கு, பாதி தவிடு என்பது துரை போட்ட கணக்கு. செபமாலை பையைத் திறந்தான். பிண்ணாக்கு கருங்கல் மாதிரி இருந்தது. இரண்டு சுற்று மெசினைச் சுற்றிப் பார்த்தான். கைப்பிடி அப்படியே நின்றுகொண்டது. சல்லடையில் தட்டினான். தவிடு இறங்கியது. கட்டி நின்றது. கோழிகளுக்கு அன்றைக்குக் கல்யாண விருந்து.

டொக்டர் எழுதினார்: புரதம் 11.92 வீதம். அடியில், 'இதில் பிண்ணாக்கு அநேகமாக இல்லை' என்றும் ஒரு வரி சேர்த்தார்.

அந்த ஒரு வரி போய் என்ன செய்தது என்று மூன்று வாரம் செபமாலைக்குத் தெரியாது. நாலாவது வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை, ஹட்டன் பக்கமிருந்து வந்த ரயில் நின்றதும், தலையில் ஒரு சாக்கைச் சுமந்துகொண்டு ஒரு பெண் நேராகப் பரிசோதனைச்சாலை வாசலுக்கு வந்தாள். நாற்பத்தைந்து வயதிருக்கும். கம்பளியை முக்காடாகப் போட்டு, முழங்கால்வரை சேறு. பின்னால் குடையைப் பிடித்தபடி ஒரு கிராணி, தோட்டத்து அலுவலகத்தில் கணக்கெழுதுகிறவன். சாக்கின் வாயில் அரக்கு முத்திரை வைத்திருந்தது.

கிராணி தன்னை அறிமுகம் செய்துகொண்டான். பெயர் இக்னேசியஸ், ஊசிப்பாறையில் சின்னக் கிராணி. அந்தப் பெண் அம்மாக்கண்ணு, துரையின் மாட்டுப்பட்டியில் பதினோரு வருடமாகத் தீவனம் கலந்து பசு பார்க்கிறவள். பார்த்தவள் என்று சொல்ல வேண்டும். பத்திரம் வந்த மறுநாள், வேலைக்கு ஆள் பிரிக்கிற காலைப் பெரட்டில், அத்தனை சனமும் நிற்கிற களத்தில் வைத்து, துரை அவளைப் "பிண்ணாக்குக் கள்ளி" என்று சொல்லி வேலையிலிருந்து பேர் வெட்டிவிட்டார். தொழிலாளர் குடியிருக்கிற லயத்துக்குப் பின்னால் அவள் சொந்தமாக ஒரு பசு வைத்திருந்தாள். அது நன்றாகக் கொழுத்திருந்தது. துரைக்கு அதைவிட வேறு சாட்சி தேவைப்படவில்லை.

"தொழிற்சங்கத்துத் தலைவர் வந்து சத்தம் போட்டாருண்ணே. ரெண்டாந்தரம் சோதிக்கிறதுக்குத் தொரை சம்மதிச்சுட்டாரு. இது அதே சாக்கு. நான்தான் ஸ்டோருல பூட்டி முத்திரை வச்சிருந்தேன்" என்றான் இக்னேசியஸ். டொக்டரிடம் கடிதத்தைக் கொடுக்க முன்னறைக்குப் போனான்.

அம்மாக்கண்ணு சாக்கைப் பின்னறையில் இறக்கினாள். முத்திரையை உடைத்து, கையை முழங்கைவரை உள்ளே விட்டு, ஒரு பிண்ணாக்குக் கட்டியை எடுத்து மேசைமேல் 'டொக்' என்று வைத்தாள்.

"இது என்னா தம்பி?"

"பிண்ணாக்கு."

"பார்த்தாலே தெரியுதுல்ல? ஒங்க டொக்டருக்கு மட்டும் ஏன் தெரியல? அவரு கண்ணு லண்டன்லயே நின்னுபோச்சா?"

செபமாலைக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டான். "அக்கா, அவரு கண்ணால பாக்க மாட்டாரு. கொதிக்க வச்சுத்தான் பாப்பாரு."

"எம் மாடு ஏன் கொழுத்திருக்குன்னு கேக்குறாரு தொரை. நான் மழையில நனைஞ்சுகிட்டு ஓடைப்பக்கம் போயிப் புல்லறுத்துப் போடறேன், அதனால கொழுத்திருக்கு. தொரை மாட்டுக்குப் பாட்டுக் கேட்டாப் பால் ஊறும்னு எந்தப் பொஸ்தகத்துலயோ படிச்சிட்டுப் பட்டிக்குள்ள கிராமபோன் பெட்டியக் கொண்டாந்து வச்சாரு. அது போடுற ஊளையில பசு காலைத் தூக்கிக்கிட்டு நிக்குது. இதுல அட்டைக்கடி வேற. பால் கொறையாம என்னா பண்ணும்? நீ வேலையப் பாரு. நான் பாத்துக்கிட்டு இருக்கேன்."

அவள் கதவோரம் குந்திக்கொண்டாள். செபமாலை சாக்கின் மேலிருந்து கொஞ்சம் தீவனத்தை அள்ளிக் கொட்டினான், குவித்தான், கீறினான், மெசினில் போட்டான். நாலு சுற்றுச் சுற்றினான். சல்லடையில் இட்டுத் தட்டினான். மாவு இறங்கியது. கட்டிகள் மேலே நின்றன. அவன் அவள் பேச்சையே நினைத்துக்கொண்டிருந்தான். கை அதுபாட்டுக்குக் கட்டிகளை அள்ளி ஜன்னல் பக்கம் போனது. வெளியே கோழிகள் கழுத்தை நீட்டின.

மணிக்கட்டை ஒரு கை பிடித்தது. பதினோரு வருடம் மாட்டுக் கயிறு பிடித்த கை.

"எங்க கொட்டுற?"

செபமாலை தன் கையைப் பார்த்தான். கைக்குள் பிண்ணாக்கு இருந்தது. அவ்வளவும் பிண்ணாக்கு. ஒரு பொட்டுத் தவிடு இல்லை. மூன்று வருடமாகத் தான் எதை எறிந்துகொண்டிருந்தோம் என்பது அவனுக்கு அந்த நொடியில்தான் முதன்முதலாக விளங்கியது.

"போன தடவையும் இப்பிடித்தான் கொட்டுனியா?"

செபமாலை தலையை ஆட்டினான்.

அம்மாக்கண்ணு கத்துவாள் என்று எதிர்பார்த்தான். அவள் கத்தவில்லை. ஜன்னல் வழியாகக் கோழிகளைக் கொஞ்சநேரம் பார்த்தாள். எல்லாம் நல்ல வளர்த்தியான கோழிகள்.

"நீயே போயிச் சொல்றியா, நான் சொல்லட்டுமா?" என்றாள்.

பின்னறைக்கும் முன்னறைக்கும் நடுவே ஆறு அடிதான். அந்த ஆறு அடியை நடப்பதற்குள் செபமாலை நாலு பொய் யோசித்தான். எலி தின்றுவிட்டது என்பது அதில் ஒன்று. டொக்டர் முன்னால் போய் நின்றதும் நாலும் மறந்துபோய், நடந்ததைச் சொல்லிவிட்டான்.

டொக்டர் கையிலிருந்த குடுவையை மெதுவாகக் கீழே வைத்தார்.

"கோழிக்கோ?"

"ஆமாங்கையா."

"எவ்வளவு எறிஞ்சனீர்?"

"அளவு வச்சுக்கலீங்கையா. ஒரு கை... சில நாளைக்கு ஒன்றரைக் கை. சேவலும் வந்திருந்தா ரெண்டு கை."

"அப்ப என்ரை புரதம் சேவல் வாறதைப் பொறுத்ததே!" டொக்டர் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். "உமக்கு விசரே காணும்? முதல் நாளே நான் சொன்னனான் எல்லோ?"

"சொன்னீங்கையா. கை வலிச்சுது. அப்புறம் மறந்துட்டேன். அதுக்கப்புறம் நீங்களும் வந்து பாக்கலீங்க."

கடைசி வார்த்தையைச் சொல்லியிருக்க வேண்டாம் என்று செபமாலைக்கு உடனே தோன்றியது. ஆனால் அது டொக்டரின் மேல் சரியாகப் போய்த் தைத்தது. அவர் அலமாரியைத் திறந்து பத்திரங்களின் பிரதிகளை எடுத்தார். மூன்று வருடத்தில் நானூற்றுப் பன்னிரண்டு. ஒவ்வொன்றாகப் புரட்டினார். இரண்டு இலக்கம், இரண்டு இலக்கம், இரண்டு இலக்கம். ஒவ்வொன்றின் அடியிலும் அவர் கையெழுத்து. இக்னேசியஸ் எங்கே பார்ப்பதென்று தெரியாமல் தன் குடையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"உம்மை இப்பவே வேலையாலை நிப்பாட்டலாம்" என்றார் டொக்டர். "நிப்பாட்டினால் நான் என்னத்தைப் பிழைவிட்டனான் எண்டு எனக்கே தெரியாமல் போயிடும். வாரும் பின்னறைக்கு."

மூன்று வருடத்துக்குப் பிறகு டொக்டர் பின்னறைக்குள் காலெடுத்து வைத்தார். பதினேழு தடவை தும்மினார். அம்மாக்கண்ணுதான் எண்ணினாள்.

அடுத்த ஐந்து நாள் அந்தக் கட்டடத்தில் நடந்தது மாதிரி வேலை அதற்கு முன் நடந்ததில்லை. இக்னேசியஸ் தோட்டத்துக்குத் திரும்பிவிட்டான். அம்மாக்கண்ணு சாக்கை விட்டு நகர மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். சாக்குக்கு அவள் காவல், அவளுக்குச் சாப்பாடு போடுவது செபமாலை வீடு என்று ஏற்பாடாயிற்று. முதல்நாள் சாயங்காலமே அவளை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனான். பவுலினிடம் நடந்ததைச் சொன்னபோது அவள் அடுப்படியில் முட்டைக் குழம்பு வைத்துக்கொண்டிருந்தாள். அவள் கை அப்படியே நின்றுவிட்டது. குழம்பையும் புருசனையும் மாறி மாறிப் பார்த்தாள். வேறு கறி ஆக்க நேரமில்லை. வேறு வழியில்லாமல் அதையே தட்டில் போட்டு அம்மாக்கண்ணு முன்னால் வைத்தாள்.

அம்மாக்கண்ணு முட்டையைப் பிட்டு வாயில் போட்டு நிதானமாக மென்றாள்.

"நல்லாத்தான் இருக்கு. எம் பிண்ணாக்கு வீண்போகல" என்றாள்.

பவுலின் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அடுப்படிக்குள் ஓடினாள். சிரித்தாளா அழுதாளா என்று செபமாலைக்குக் கடைசிவரை தெரியவில்லை. அன்றைக்கு அவன் சோற்றை மட்டும் தின்றான்.

பரிசோதனைச்சாலையில் டொக்டர் முறையாகத் தொடங்கினார். முதலில் இக்னேசியஸ் எப்படி எடுத்தனுப்பினானோ அதேபோல, ஒரு சிகரட் டின்னால் சாக்கின் பத்து இடத்திலிருந்து பத்துப் பொட்டலம் எடுத்தார்கள். மேலே மூன்று, நடுவில் நாலு, அடியில் மூன்று. செபமாலை ஒவ்வொன்றையும் கடைசிப் பொட்டு இறங்குகிறவரை அரைத்தான். ஈரம் போக வெயில் இல்லாததால் அடுப்புச் சூட்டில் காயவைத்து அரைத்தான். கைப்பிடியின் ஒரு பக்கம் அவனும் மறுபக்கம் அம்மாக்கண்ணுவும் பிடித்துச் சுற்றினார்கள். விடை வந்தது. ஆகக் குறைந்தது 14.08. ஆகக் கூடியது 18.91. ஒரே சாக்கு.

டொக்டருக்கு முகம் செத்துவிட்டது. பிழை தன் பக்கம்தான் போலிருக்கிறது என்று பயந்து, ஒரே போத்தல் பொடியை ஐந்து தடவை கொதிக்கவைத்துப் பார்த்தார். ஐந்தும் ஒரு மயிரிழைக்குள் நின்றன. கடைசி இலக்கம் மட்டும் இரண்டு மூன்று அசைந்தது. அவர் பக்கம் பிழையில்லை. அது அவருக்குச் சந்தோசத்தைத் தரவில்லை.

மூன்றாவதாக, சாக்கு முழுவதையும் தரையில் விரித்த படங்கில் கொட்டி, கட்டிகளை உலக்கையால் இடித்து, மண்வெட்டியால் புரட்டிப் புரட்டிக் கலந்து, அதற்குப் பிறகு நாலாகக் கீறி, கீறியதை மறுபடி கீறி, பத்துப் போத்தல் நிரப்பினார்கள். அம்மாக்கண்ணு முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு உலக்கை போட்டாள். இந்தத் தடவை குறைந்தது 16.1, கூடியது 16.8.

டொக்டர் கடதாசியைச் செபமாலையிடம் நீட்டினார். பிறகு சொன்னார்: "பாரும் செபமாலை. நான் மூண்டு வரிசமாய் முன்னறையிலை மூச்சைப் பிடிச்சுக்கொண்டு நிண்டிருக்கிறன். பிழை பின்னறையிலை காலை நீட்டிக்கொண்டு இருந்திருக்கு."

"மன்னிச்சுக்கங்கையா."

"உம்மிலை மட்டும் இல்லை. சாக்கைத் துறந்து மேலாலை ஒரு டின் அள்ளின அந்தக் கிராணியிலும் இருக்கு. அதை வாங்கி ரெண்டு தசமம் எழுதின என்னிலும் இருக்கு. அந்த ரெண்டாவது தசமத்தை நான் எந்தத் தைரியத்திலை எழுதினன் எண்டு இப்ப யோசிக்கிறன்."

புதுப் பத்திரம் எழுதினார். 'புரதம் 16.4 வீதம், இதற்கு மேலோ கீழோ அரை வீதம் இருக்கலாம். பிண்ணாக்குக் குறையவில்லை. முன்னைய பத்திரம் தவறானது. அது வாபஸ் பெறப்படுகிறது.' அதை எழுதி முடிக்க அவருக்கு ஒரு மத்தியானம் முழுதும் பிடித்தது.

திங்கட்கிழமை கிரெய்க் துரை ஜீப்பில் வந்து இறங்கினார். பத்திரத்தைக் கையில் ஆட்டிக்கொண்டு இங்கிலீசில் இரைந்தார். செபமாலைக்கு அந்த மொழி பாதிதான் பிடிபடும். மிச்சப் பாதியைத் துரையின் முகம் சொன்னது. மேலோ கீழோ என்றால் என்ன அர்த்தம்? நான் பரிசோதனைச்சாலையில் கேட்டேனா, சாத்திரக்காரனிடம் கேட்டேனா? எனக்கு ஒரே ஒரு எண் வேண்டும்.

டொக்டர் எழுந்து நின்றார். "ஒரே ஒரு எண் முதல் தந்தேனே, சார். அதை வைத்து நீங்கள் ஒரு பெண்ணைக் கள்ளி என்றீர்கள்" என்று இங்கிலீசில் சொன்னார். இதை மட்டும் செபமாலை முழுதாக விளங்கிக்கொண்டான்.

துரை கொஞ்சம் இறங்கி வந்தார். இறங்கி வருவதற்கு அவருக்கு வேறு காரணமும் இருந்தது. அம்மாக்கண்ணு போனதிலிருந்து அவருடைய பெரிய பசு, லயத்துச் சனம் 'டச்சம்மா' என்று கூப்பிடுகிற சீமைப்பசு, கறக்கப் போன ஆட்கள் இரண்டு பேரை உதைத்துத் தள்ளியிருந்தது. மூன்றாவதாகத் துரையின் நாயை உதைத்தது. கிராமபோன் பெட்டியும் அதில் போயிற்று.

"சரி. அம்மாக்கண்ணு நாளைக்கு வேலைக்கு வா. மெசின் கோளாறு. முடிஞ்சுது" என்றார், தோட்டத் தமிழில், வாசலில் நின்றவளைப் பார்த்து.

"வர முடியாதுங்க தொரை."

துரை திரும்பினார்.

"பெரட்டுல வச்சு அத்தன சனத்துக்கு முன்னால என்னயக் கள்ளின்னு சொன்னீங்க. இப்ப இங்க நாலு செவுத்துக்குள்ள இல்லேன்னு சொன்னா அது யாரு காதுல விழும்? பெரட்டுல சொன்னதப் பெரட்டுலயே எடுக்கணும்." செபமாலையைக் கைகாட்டினாள். "இந்தத் தம்பியும் வரணும்."

செபமாலைக்கு அதுவரை தான் தப்பித்துவிட்டோம் என்ற ஒரு எண்ணம் ஓரமாக இருந்தது.

புதன்கிழமை பொழுது புலரும்போது அவன் ஊசிப்பாறைப் பெரட்டுக்களத்தில் நின்றான். முதல்நாள் வந்து இக்னேசியஸ் வீட்டில் தங்கியிருந்தான். தப்பு மேளச் சத்தம் கேட்டுச் சனம் கூடியது. கம்பளிக்குள் சுருண்டுகொண்டு, கூடையை முதுகில் மாட்டிக்கொண்டு, வெற்றிலை மென்றுகொண்டு, முந்நூறு பேருக்கு மேல். பனி கணுக்காலைக் கடித்தது. அம்மாக்கண்ணு முன்வரிசையில் தனியாக நின்றாள். அவளைச் சுற்றி ஒரு கை அகலத்துக்கு யாரும் நிற்கவில்லை. இந்த மூன்று நாலு வாரமும் அவளுக்கு எப்படி இருந்திருக்கும் என்பதை அந்த இடைவெளி அவனுக்குச் சொன்னது.

துரை தொண்டையைச் செருமினார். "அம்மாக்கண்ணு கள்ளி இல்லே. கடுதாசி தப்பு. எல்லாம் மலைக்குப் போங்க."

"கடுதாசி தானா எப்பிடிங்க தப்பும்? அதுக்குக் கையா காலா?" என்றாள் அம்மாக்கண்ணு. "ஆளு வந்திருக்காரு. அவரு சொல்லட்டும்."

முந்நூறு தலை திரும்பியது. செபமாலை ஒரு அடி முன்னால் வந்தான். கோயிலில் பாவசங்கீர்த்தனம் செய்திருக்கிறான். அங்கே மரத்தட்டிக்குப் பின்னால் ஒரே ஒரு சாமியார், அவரும் பாதித் தூக்கத்தில் இருப்பார். இது அப்படியில்லை.

"எம்பேரு செபமாலை. தலவாக்கலையில தீவனம் அரைக்கிறவன். இந்த அக்கா கலந்த தீவனத்துல பிண்ணாக்கு சரியாத்தான் இருந்துச்சு. நான் அரைக்கச் சோம்பப்பட்டுக்கிட்டு, சல்லடையில நின்ன பிண்ணாக்கப் பூராவும் அள்ளிக் கோழிக்குப் போட்டுட்டேன். மிச்சத் தவிட்டத்தான் சோதிச்சாங்க. பிண்ணாக்கத் திருடுனது நான். தின்னது கோழி. இவங்க இல்லீங்க."

கொழுந்தெடுக்கிற பெண்கள் வரிசையில் யாரோ கேட்டார்கள்: "கோழி முட்டை போட்டுச்சா?"

"போட்டுச்சு" என்றான் செபமாலை. உண்மை சொல்லத் தொடங்கியவனுக்கு நிறுத்தத் தெரியவில்லை. "வாரத்துக்கு ஆறு."

களம் வெடித்தது. சிரிப்பு வரிசை வரிசையாகப் போய்க் கடைசி வரிசையில் மோதித் திரும்பி வந்தது. கங்காணிகள் சிரித்தார்கள். பெரிய கிராணி வானத்தைப் பார்த்துச் சிரித்தார். ஒருவன் கொக்கரித்துக் காட்டினான். செபமாலையின் காது இரண்டும் தீப்பிடித்த மாதிரி எரிந்தன. ஓடிவிட வேண்டும்போல இருந்தது. ஓடவில்லை. சிரிப்பு நடுவே, பேச்சியம்மா என்று ஒரு கிழவி வரிசையை விட்டு விலகி வந்து, அம்மாக்கண்ணு பக்கத்தில் இடித்துக்கொண்டு நின்று, தன் வெற்றிலையில் பாதியைக் கிள்ளி அவளிடம் நீட்டினாள். அதைப் பார்த்து இன்னும் இரண்டு பேர் வந்தார்கள். அந்தக் கையகல இடம் கண்ணுக்கு முன்னாலேயே மூடிப்போயிற்று. அம்மாக்கண்ணு வெற்றிலையை வாயில் அடக்கிக்கொண்டு, யாரும் பார்க்காதபடி கம்பளி நுனியால் கண்ணைத் துடைத்தாள்.

துரைக்குச் சிரிப்பு வரவில்லை. தொப்பியைச் சரிசெய்துகொண்டு ஜீப்பில் ஏறிப் போய்விட்டார்.

சனம் மலைக்குக் கலைந்த பிறகு செபமாலை பஸ்ஸுக்குக் கிளம்பினான். ஹட்டன் பஸ்ஸுக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. மாட்டுப்பட்டியைத் தாண்டும்போது அம்மாக்கண்ணு உள்ளிருந்து கூப்பிட்டாள்.

"பனியில வந்திருக்க. ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டுப் போ."

உள்ளே டச்சம்மா குழந்தை மாதிரி நின்றது. பட்டி மூலையில் மூன்று கல் அடுப்பு. அவள் கொடுத்த சிரட்டையை வாங்கிப் பார்த்தான். லயத்தில் எல்லோரும் கொடுக்கிற, பால் சேராத வெறும் சாயம் இல்லை. கட்டிப் பால், ஆடை மிதந்தது. சூடாக, இனிப்பாக இருந்தது. இரண்டு மிடறு குடித்த பிறகுதான் அவனுக்கு உறைத்தது.

"அக்கா, இது யாரு மாட்டுப் பாலு?"

"தொரை மாட்டுப் பாலு."

"அவரு குடுத்தாரா?"

"அவரு என்னைக்குக் குடுத்தாரு?" அவள் தன் சிரட்டையையும் ஊதிக் குடித்தாள். "பதினோரு வருசம் ஒரு சொட்டு எடுத்ததில்ல. எடுக்காம இருந்ததுக்கே கள்ளின்னு பேரக் குடுத்தாங்க. இனிமேக் காலையில ஒரு சிரட்டை எடுக்கிறதா இருக்கேன். நீ போயி ஒங்க டொக்டர்கிட்டச் சொல்லி அளந்து பாக்கச் சொல்லு."

செபமாலை மறுபடி சிரட்டையைப் பார்த்தான். பிறகு அடியில் இருந்த ஆடையையும் விரலால் வழித்து நக்கிவிட்டு, சிரட்டையைக் கழுவிக் கவிழ்த்து வைத்து, பஸ் சத்தம் கேட்கிறதா என்று காதைக் கொடுத்துக்கொண்டு கீழே இறங்கினான்.